நன்றாக வெளுத்த துணி

ஆனையூர், மதுரை
12.8.2024

மொக்கைச்சாமி அவர்களுக்கு,

வணக்கம். நான் முத்துக்கருப்பன். வேதியியல் துறையில் ஆசிரியராக இருந்தவன். இப்படி அறிமுகம் செய்துகொள்வது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். பத்தொன்பது ஆண்டுகள் ஒரே ஆய்வகத்தில் நான் ஆசிரியராகவும் நீங்கள் உதவியாளராகவும் இருந்திருக்கிறோம். ஆனால் கடைசி ஐந்தாண்டுகளாக ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாத ஒருவருக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

உங்கள் கைபேசி எண் கல்லூரி அலுவலகத்தில் கிடைத்தது. இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். போனில் சொன்னது சொன்னதாகிவிடும். கடிதம் என்றால் பெட்டியில் போடும்வரை மனம் மாறலாம். என் முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்றும் உள்ளே வைத்திருக்கிறேன்.

விஷயம் நம்முடைய வடிகஞ்சி. 'நம்முடைய' என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. செய்முறை என் நினைவில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் சோறு வடித்த கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவருவீர்கள். அதை எஃகுக் குடுவையில் ஊற்றி, இறுக்கி மூடி, ஓவனில் நூற்றெண்பது டிகிரியில் எட்டு மணி நேரம் வைப்போம். கஞ்சியில் உள்ள மாவுப்பொருள் உள்ளுக்குள்ளேயே கருகி, எந்தச் சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாத அளவுக்குச் சிறிய கரித்துகள்களாக மாறும். தேநீர் நிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். வடிகட்டி, புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் அது நீலமாக ஒளிரும். இரும்பு கலந்த தண்ணீரைத் துளித்துளியாக விட்டால் ஒளி மங்கிக்கொண்டே போகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருக்கிறதா என்பதைச் சோற்றுக் கஞ்சியைக் கொண்டே பார்த்துவிடலாம் என்று 2018இல் கட்டுரை எழுதினேன். என் பெயரைப் போட்டு யாராவது தேடிப் படிக்கிற ஒரே கட்டுரை அதுதான்.

சென்ற மாதம் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் ஆறு முறை செய்து பார்த்திருக்கிறார்கள். கஞ்சி ஒளிர்கிறதாம், ஆனால் நான் எழுதிய அளவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லையாம். நிறமும் நல்ல நீலமில்லையாம். 'நீங்கள் எழுதாமல் விட்ட படி ஏதேனும் உண்டா' என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். கல்லூரிக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. செப்டம்பர் முடிவதற்குள் நான் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

கட்டுரை என்னுடையது என்றாலும் குடுவையைக் கையால் தொட்டவர் நீங்கள். அதனால் கேட்கிறேன். அரிசி எந்த அரிசி? எட்டு மணி நேரம் என்பது எட்டு மணி நேரம்தானா? வடிகட்டும்போது, வசதிக்காக ஏதேனும் மாற்றிச் செய்ததுண்டா? செய்திருந்தாலும் நான் தவறாக எண்ண மாட்டேன்.

இப்படிக்கு,
பா. முத்துக்கருப்பன்


செக்கானூரணி
24.8.2024

முத்துக்கருப்பன் சார் அவர்களுக்கு,

வணக்கம். உங்க கடுதாசி வந்து எட்டு நாளாச்சு. தபால்காரர் நீட்டுனப்ப பென்சன் விஷயமா ஏதோ ஆபீஸ் கடுதாசின்னு நினைச்சேன். உறை மேல இருந்த எழுத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அந்த எழுத்து எனக்குத் தெரியாதா.

மொதல் தடவையா எம் பேரப் போட்டு ஆரம்பிச்சிருக்கீங்க. பத்தொம்பது வருசமும் காலைல வந்தா மேசை மேல ஒரு சீட்டு கெடக்கும். 'பியூரெட் கழுவவும். அமிலம் நிரப்பவும். ஓவன் போடவும்.' பேரும் இருக்காது, வாங்க போங்கவும் இருக்காது. ஆறடி தள்ளி நீங்க உக்காந்திருப்பீங்க. புதுசா வந்தவங்க, "என்னண்ணே, உங்களுக்கும் சாருக்கும் சண்டையா?"ன்னு கேப்பாங்க. "இல்லப்பா, சாருக்கு வாயத் தொறந்தா வேர்த்துரும்"னு சொல்வேன். சிரிப்பாங்க. நான் கிண்டலாச் சொல்லல. ஒரு தடவை பிரின்ஸ்பால்கிட்ட சிங்க் அடைப்பச் சொல்லிட்டு வந்து நீங்க சட்டை மாத்துனது எனக்குத் தெரியும்.

கேட்டதுக்குப் பதில். அரிசி ரேசன் அரிசி. எட்டு மணி நேரம்னா எட்டு மணி நேரம்தான். ரெண்டு தடவை கரண்டு போச்சு, ரெண்டையும் கொட்டிட்டுத் திருப்பி வச்சேன்.

வடிகட்டுனதுல நான் எதையும் மாத்தல. 'வசதிக்காக'ன்னு எழுதியிருக்கீங்க. அத எம் வீட்டுக்காரி முருகம்மாகிட்ட வாசிச்சுக் காமிச்சேன். "அவுக எந்த வசதியக் குடுத்தாகளாம், அதையும் கேட்டு எழுதுங்க"ன்னா.

உங்க சீட்டு ஒண்ணையும் நான் தூரப் போடல. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல இருக்கு. நாளைக்கு ஏதாவது ஒடைஞ்சா, யார் செய்யச் சொன்னதுன்னு கேப்பாங்கல்ல. லேப்ல வேலை பாக்குறவனுக்கு அதுதான் துணை. 2017 பிப்ரவரி மூணாந்தேதிச் சீட்ட அப்படியே எழுதுறேன். 'வடிதாள் இன்னும் வரவில்லை. நன்றாக வெளுத்த வேட்டித் துணியை நான்காக மடித்து, சூடாக இருக்கும்போதே வடிக்கவும்.' வடிதாள் கடைசி வரைக்கும் வரல. ஸ்டோர்ல நானே பதினோரு தடவை கேட்டேன்.

'நன்றாக வெளுத்த'ன்னு நீங்க எழுதிட்டதால, என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியவே குடுத்தேன். முருகம்மா அத வெள்ளைத் துணிக்குன்னு விக்கிற பவுடர்ல ரெண்டு தடவை ஊற வச்சு, அலசி, காய வச்சு, துண்டு துண்டா வெட்டிக் குடுத்தா. "வாத்தியாரு வேலைக்குப் போற துணி, ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது"ன்னு அவ சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

இன்னொண்ணும் ஞாபகம் இருக்கு. நீங்க வாயத் தொறந்து எங்கிட்டப் பேசுனது மொத்தமே கொஞ்சம்தான். அதுல ஒண்ணு, "உங்க பேரும் வருது." எம் மக பவதாரிணி அப்ப பத்தாவது. கட்டுரைய பிரிண்ட் எடுத்துட்டு வந்து, வெரல வச்சு ஒவ்வொரு வரியாத் தேடுனா. கடைசிப் பக்கத்துல 'ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி'ன்னு இருந்துச்சு. "இதுக்குள்ளதான் நீங்க இருக்கீங்க போலப்பா"ன்னா. நான் ரிட்டயர்டு ஆன அன்னைக்கு உங்க கையால ஏன் சால்வை வாங்கலன்னு நீங்க யோசிச்சிருந்தா, இதுதான் காரணம்.

சரியா இருந்தப்ப எம் பேரு வேணாம். தப்புன்னதும் எம் பேரு ஞாபகம் வந்திருச்சு.

பவதாரிணி இந்த வருசம் நம்ம டிபார்ட்மெண்ட்லயே எம்.எஸ்சி. சேந்திருக்கா. இண்டர்வியூல, "கஞ்சியில வெளிச்சம் எடுத்தது எங்கப்பா"ன்னு சொல்லியிருக்கா. அதனால உங்க விளக்கத்துல என்ன எழுதுறீங்கன்னு எனக்கும் கொஞ்சம் தெரியணும்.

இப்படிக்கு,
மொக்கைச்சாமி


ஆனையூர்
4.9.2024

அன்புள்ள மொக்கைச்சாமி அவர்களுக்கு,

'வசதிக்காக' என்று எழுதியதற்கு வருந்துகிறேன். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க நான் நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதுதான் வேடிக்கை. உங்கள் மனம் நோகாமல் இருக்க அதுவே பொருத்தம் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதத்தில் 'வேட்டித் துணி' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எனக்கு அது நினைவே இல்லை. கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். 'வடிதாளில் வடிக்கப்பட்டது' என்று இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக எழுதி எழுதிப் பழகிய வாக்கியம். கை தானாகவே எழுதிவிட்டது.

பிறகு சிம்மக்கல் போய், கள்ள நோட்டுப் பார்க்கும் சிறிய ஊதா விளக்கு ஒன்று வாங்கி வந்தேன். பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாதென்பதால், ஒரு கிண்ணம் வடிகஞ்சியுடன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஜன்னலில் துண்டைக் கட்டினேன். விளக்கைப் போட்டேன். கஞ்சி இருட்டாகவே இருந்தது. ஓவனில் வைக்காத கஞ்சி இருட்டாகத்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்குக் கீழே, என் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, நீலமாக எரிந்துகொண்டிருந்தது. என் வேட்டி.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. என் மனைவி பாண்டீஸ்வரி கதவைத் தட்டினாள்.

"என்னங்க, உள்ள என்ன பண்றீக இம்புட்டு நேரம்?"

"வேட்டியப் பாக்குறேன்."

"ஏன், அத வெளிய வந்து பாத்தா தெரியாதா?"

நான் கட்டுரையில் விவரித்த நீலம் அதுதான். சலவைப் பவுடரில், துணியை வெளுப்பாகக் காட்டுவதற்கென்று ஒரு பொருள் சேர்க்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவது அதன் வேலை. பழைய வேட்டியில் ஒரு துண்டு வெட்டி, கொதிநீரில் போட்டுப் பிழிந்தேன். அந்தத் தண்ணீரும் ஒளிர்ந்தது. சூடாக இருக்கும்போதே வடிக்கவும் என்று வேறு எழுதியிருக்கிறேன்.

கரித்துகள்களுக்கு ஒரு குணம் உண்டு. அவற்றின் மீது விழும் ஒளியை மாற்றினால், அவை தரும் ஒளியின் நிறமும் சற்று மாறும். நம்முடையது மாறவில்லை. அது கஞ்சிக்கே உரிய தனிச் சிறப்பு என்று விளக்கி ஒரு பத்தி எழுதினேன். அந்த ஒரு பத்திக்குப் பதினோரு நாளானது. இரும்பு பட்டதும் ஒளி மங்கியதே என்றால், இரும்பு நீர் புற ஊதா ஒளியைத் தானே விழுங்கிவிடும். அதற்கு அடியில் எது ஒளிர்ந்தாலும் மங்கத்தான் செய்யும். இதெல்லாம் நான் வகுப்பில் நடத்திய பாடம்.

மறைக்காமல் இன்னொன்றும் எழுத வேண்டும். துறைத் தலைவர் சூரியபிரகாஷைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. "ஐயா, லேப் அசிஸ்டெண்ட் துணியில ஃபில்டர் பண்ணிட்டார்னு ஒரு வரி போட்டு, கட்டுரைய வாபஸ் வாங்கிருங்க. அவரும் ரிட்டயர்டு, நீங்களும் ரிட்டயர்டு. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். நான் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருக்கிறது. வெற்றுச் சோதனை. கஞ்சிக்குப் பதிலாக வெறும் தண்ணீரை எடுத்து, கஞ்சிக்குச் செய்த அத்தனையையும் அதற்கும் செய்து பார்ப்போமே, அது. வெறும் தண்ணீர் ஒளிரக் கூடாது. நம்முடையது ஒளிரவில்லை என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தத் தண்ணீரும் துணியில் வடிக்கப்பட்டிருந்தால், துணியின் மேல் குற்றமில்லை, கட்டுரையைக் காப்பாற்றலாம். வடித்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன். அதை விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். உங்கள் டின்னில் அதற்கான சீட்டு இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

பா. முத்துக்கருப்பன்


செக்கானூரணி
15.9.2024

சார் அவர்களுக்கு,

நீங்க தலைய ஆட்டுனத வாசிச்சேன். உங்க தலை எனக்குத் தெரியும் சார். மேலயும் கீழயும் ஆடாது, பக்கத்துலயும் ஆடாது, நடுவுல ஒரு சுத்து சுத்தும். ஆனா எதுக்க இருக்குறவங்க அத ஆமான்னுதான் எடுத்துக்குவாங்க. ஆமான்னு எடுத்தும் ஆச்சு.

செவ்வாய்க்கெழமை லேப்ல சூரியபிரகாஷ் சார் பவதாரிணியக் கூப்பிட்டு, "என்னம்மா, உங்கப்பா கஞ்சியில என்னமோ பண்ணிட்டாராமே"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாராம். சும்மாதான் கேட்டிருப்பாரு. கூட இருந்த புள்ளைகளும் சும்மாதான் சிரிச்சிருக்கும். இவ சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கி வந்தவ, பையக் கூட எறக்கல. வாசல்ல நின்னுக்கிட்டே, "அப்பா, நீங்க ஏதாவது மாத்திச் செஞ்சீங்களா?"ன்னு கேட்டா. நீங்க கேட்ட அதே கேள்வி. உங்களுக்குப் பதில் எழுத எட்டு நாளாச்சு. அவளுக்கு அன்னைக்கு ராத்திரிச் சோறு வரைக்கும் என்னால பதில் சொல்ல முடியல.

முருகம்மா இப்ப வெள்ளைத் துணி எதையும் தொட மாட்டேங்குறா. "வெள்ளையா வெளுத்தது ஒரு குத்தமாப் போச்சா? பழுப்பாக் குடுத்திருந்தா அதுக்கும் ஒரு கடுதாசி போட்டிருப்பாக"ங்குறா. "பவுடர்ல வெளிச்சம் இருக்குன்னு அம்புட்டுப் படிச்சவருக்கே தெரியல, எனக்கு எப்புடித் தெரியும்"ங்குறா. அதுக்குப் பதில் உங்ககிட்ட இருந்தா எழுதுங்க.

டின்னக் கொட்டித் தேடுனேன். நீங்க கேட்ட சீட்டு கெடச்சுச்சு. இதோட வச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் பாருங்க.

இது அசல். நகல் எடுக்கல. பவதாரிணி, "ஜெராக்ஸ் எடுத்துட்டு அனுப்புங்கப்பா, இல்ல போன்லயாவது ஒரு போட்டோ எடுக்குறேன்"ன்னு கெஞ்சுனா. வேணாம்னுட்டேன். அவளுக்கு ரொம்பக் கோவம். நகல் எங்கிட்ட இருந்துச்சுன்னா, நீங்க அதுக்குப் பயந்துதான் நெசத்த எழுதுனீங்கன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தோணிக்கிட்டே இருக்கும். கிழிக்கிறதுன்னா கிழிங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியும்.

மொக்கைச்சாமி


ஆனையூர்
27.9.2024

அன்புள்ள மொக்கைச்சாமி அவர்களுக்கு,

சீட்டு பத்திரமாக வந்தது. இந்தக் கடிதத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்கு முன் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதாவிட்டால் நான் சிலவற்றை விட்டுவிடுவேன்.

முன்பக்கத்தில் என் கையெழுத்து. '21.2.17. வெற்றுச் சோதனை. வெறும் தண்ணீர், 180, எட்டு மணி.' பின்பக்கத்தில் பென்சிலில், உங்கள் எழுத்தில்: 'வெறும் தண்ணியையும் துணியில் வடிக்கணுமா சார்?' அதற்குக் கீழே மறுபடி என் எழுத்து: 'வேண்டாம். வீண்.' பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டிருக்கிறேன்.

தெளிந்த தண்ணீரை எதற்கு வடிகட்ட வேண்டும் என்று நினைத்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். கஞ்சிக்குச் செய்ததையெல்லாம் தண்ணீருக்கும் செய்ய வேண்டும் என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன், அதை நினைவுபடுத்திய ஒருவரிடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வடித்திருந்தால் அன்றைக்கே வெறும் தண்ணீர் நீலமாக எரிந்திருக்கும். கட்டுரையே வந்திருக்காது.

சீட்டு வந்த அன்று அதை இரண்டாக மடித்தேன். மடித்த இடத்தை நகத்தால் அழுத்திக் கோடு போட்டேன், கிழிப்பதற்கு வசதியாக. பிறகு அப்படியே மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். ஐந்து நாள் அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை. பாண்டீஸ்வரி மாத்திரைச் சீட்டு கேட்டபோதுகூட அங்கே இல்லை என்று சொன்னேன். அந்த மடிப்பு இப்போதும் இருக்கிறது, நீங்கள் பார்த்தால் தெரியும். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

ஆறாம் நாள் கல்லூரிக்குப் போனேன். சூரியபிரகாஷ் விளக்கக் கடிதத்தைத் தயாராகவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். 'லேப் அசிஸ்டெண்ட்' என்று ஆரம்பிக்கும் அந்த ஒரு வரி அதில் இருந்தது.

"படிச்சுப் பாருங்க ஐயா. இதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

உண்மையிலேயே பொய் ஒன்றும் இல்லை. நீங்கள் துணியில்தான் வடித்தீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பேச முயன்றேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மேசையில் கிடந்த தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதி அவர் பக்கம் தள்ளினேன். 'துணி நான் சொன்னது. வெறும் தண்ணீரை வடிக்க வேண்டாம் என்றதும் நான். வடிக்கணுமா என்று கேட்டது மொக்கைச்சாமி.' உங்கள் சீட்டையும் பக்கத்தில் வைத்தேன்.

அவர் இரண்டையும் படித்தார். "ஐயா, இத நீங்க வாயாலயே சொல்லியிருக்கலாமே."

"முடியலப்பா," என்றேன்.

தட்டச்சு செய்த தாளை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒண்ணு கேட்டுட்டேன், கேட்டிருக்கக் கூடாது," என்றார். அவளிடம் பேசுவதாகச் சொன்னார். பேசினாரா என்று எனக்குத் தெரியாது.

ஓய்வுக்குப் பின்னும் நான் இருந்துவந்த கல்லூரி ஆய்வுக் குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மறுநாளே எடுத்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் எடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கட்டுரையும் திரும்பப் பெறப்படும். அதன் மேல் குறுக்காக 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பில் அச்சடித்துவிடுவார்கள், இணையத்தில் அது என்றைக்கும் அப்படியே இருக்கும். எனக்கு இப்போது அசதியாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

உங்கள் துணைவியார் கேட்டதற்குப் பதில்: அவர்கள் துணியை நன்றாகத்தான் வெளுத்தார்கள். நான் கேட்டபடியே வெளுத்தார்கள். பவுடரில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. கஞ்சி ஒளிர வேண்டும் என்ற ஆசையில் வேட்டியைப் பற்றி யோசிக்கவில்லை. ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது, என் பெயரில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இப்போது ஒரு அனுமதி. 2018இல் கட்டுரையின் முதல் பிரதியில் ஆசிரியர் வரிசையில் உங்கள் பெயர் இருந்தது. அப்போதைய துறைத் தலைவர், அட்டெண்டர் பேரைப் போட்டால் சிரிப்பார்கள் என்றார். யார் சிரிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன் உங்களிடமும் கேட்கவில்லை. இந்த முறை கேட்கிறேன். பத்திரிகைக்கு அனுப்பப் போகும் கடிதத்தில் இந்த வரிகளை எழுதியிருக்கிறேன்: 'வெற்றுச் சோதனையின் நீரையும் அதே துணியில் வடிக்க வேண்டுமா என்று செ. மொக்கைச்சாமி அப்போதே கேட்டார். வேண்டாம் என்று சொன்னவன் நான். பிழை முழுவதும் என்னுடையது.' உங்கள் பெயரைப் போடலாமா? திரும்பப் பெறும் ஒரு கட்டுரையில் பெயர் வருவது பெருமை இல்லை என்பது எனக்குத் தெரியும். பதில் வரும்வரை அனுப்ப மாட்டேன். கல்லூரியில் ஒரு வாரம் அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
முத்துக்கருப்பன்


செக்கானூரணி
5.10.2024

அன்புள்ள சார்,

சீட்டு வந்துச்சு. மடிப்பையும் பாத்தேன். டின்லயே போட்டு மூடிட்டேன்.

பேரப் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேணாம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன். நல்லா இருந்தப்ப இல்லாத பேரு, கட்டுரை செத்ததுக்கப்புறம் எதுக்குன்னு. ரெண்டு நாள் வச்சிருந்தேன். அப்புறம் தோணுச்சு, நீங்க கேட்டிருக்கீங்க. வேணாம்னா விட்டுருவீங்க. அது போதும்னு ஆயிருச்சு. அதனால போடுங்க. முழுப் பேரும் போடுங்க. மொக்கைன்னா இப்பத்தப் பசங்களுக்கு வேற அர்த்தம், சிரிப்பாய்ங்க. சிரிக்கட்டும். இங்கிலீசுல எப்புடி எழுதணும்னு பவதாரிணி தனித் தாள்ல பெரிய எழுத்துல எழுதிக் குடுத்திருக்கா, உள்ள இருக்கு. ஒரு எழுத்தும் விட்டுப்போகக் கூடாதாம்.

ஆனா நீங்க நெசத்த எழுதுனதால நானும் ஒண்ணு சொல்லணும். நான் அன்னைக்குப் பெரிய விஞ்ஞானமா யோசிச்சுக் கேக்கல. வேட்டியில நாலே துண்டுதான் மிச்சம் இருந்துச்சு. வெறுந்தண்ணிக்கு ஒண்ணு போயிருச்சுன்னா கஞ்சிக்குப் பத்தாதேன்னு கேட்டேன். நீங்க வேணாம்னதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. நீங்க என்னமோ நான் தெரிஞ்சு கேட்ட மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. இதையும் சேத்து எழுதுறதா இருந்தா எழுதுங்க. இல்ல, கேட்டது கேட்டதுதான்னா அப்படியே விட்டுருங்க. அது உங்க இஷ்டம்.

உங்க பதில முருகம்மாகிட்ட வாசிச்சுக் காமிச்சேன். கொடியில கெடந்த என் வேட்டிய எடுத்துக்கிட்டுப் போயி ஊறப் போட்டா. எந்தப் பவுடர்லன்னு நான் கேட்டுக்கல.

சூரியபிரகாஷ் சார் பவதாரிணிகிட்ட என்ன பேசுனாருன்னு தெரியாது, அவ சொல்ல மாட்டேங்குறா. ஆனா ஓவன் சாவியக் குடுத்திருக்காரு. போன வாரம் இங்க இருந்து தூக்குவாளியில கஞ்சி கொண்டு போனா. ஃபில்டர் பேப்பர்லதான் வடிச்சாளாம். இப்ப ஸ்டோர்ல பெட்டி பெட்டியா இருக்காம். வெளிச்சம் இருக்காம் சார். ரொம்பக் கம்மி, நீலமும் இல்ல, கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. "விளக்கப் போட்டதும் தெரியாதுப்பா, கண்ணு இருட்டுக்குப் பழகணும், அப்புறம் தெரியும்"னா. இரும்ப வச்சு இன்னும் பாக்கலயாம்.

எனக்கு மனசு கேக்கல. "வெறுந்தண்ணிய வடிச்சியா?"ன்னு கேட்டேன்.

என்னைய ஒரு பார்வை பாத்தா.

"அதத்தான்ப்பா மொதல்ல வடிச்சேன்."

இப்படிக்கு,
செ. மொக்கைச்சாமி